ஸ்கோர் புத்தகத்தைப் பரணிலிருந்து இறக்குங்கள்

குமரி மாவட்டத்து கிரிக்கெட் கிளப் செயலாளர்களுக்கு,

வணக்கம். விழா மலர் போடும் எண்ணம் இருந்தால் அச்சகத்துக்குப் போகும் முன் இதைப் படியுங்கள். வாழ்த்துரைக்கும் விளம்பரத்துக்கும் போக, ஆடியவர்களுக்கு மலரில் ஒரு குழுப்படம்தான் மிஞ்சுகிறது. அதிலும் பாதிப் பேருக்குப் பெயர் இருக்காது. கிளப்பின் வரலாறு ஸ்கோர் புத்தகத்தில் ஏற்கெனவே எழுதிக் கிடக்கிறது. எவர் வீட்டுப் பரணில் இருந்தாலும் இடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழைக்கு) முன் அதை இறக்குங்கள்.

ஈரம் ஏறிய புத்தகத்தை முற்றத்து வெயிலில் போடாதீர்கள். மை வெளிறும், அட்டை வளையும். மின்விசிறிக் காற்றில் வைத்து, பத்துப் பக்கத்துக்கு ஒரு வெள்ளைத்தாள் செருகி, ஈரம் இழுத்ததும் மாற்றுங்கள். செய்தித்தாள் கூடாது, அச்சுமை ஒட்டிக்கொள்ளும். துருவேறிய பின்னை நிமிர்த்தி உருவி, அதே துளையில் பருத்தி நூலால் தையுங்கள். கிழிசலில் செல்லோடேப் வேண்டவே வேண்டாம். மஞ்சளாகி, உரிக்கும்போது எழுத்தையும் கொண்டுபோகும். பிறகு ஜன்னல் ஓரம் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், ஒவ்வொரு பக்கத்தையும் நேர் மேலிருந்து படமெடுங்கள். கோப்புப் பெயரில் வருடம், மாதம், தேதி, எதிரணி என்ற வரிசை இருந்தால் தேட எளிது.

அடுத்தது கணக்கு. பேட்ஸ்மேன்களின் ரன் 131, அவர்கள் கணக்கில் சேராத உதிரி ரன் 12 (பை 5, லெக் பை 3, வைட் 3, நோ பால் 1), மொத்தம் 143 என்று வைத்துக்கொள்வோம். இன்றைய முறையில் பை, லெக் பை இரண்டையும் கழித்து, பந்து வீச்சாளர்கள் விட்டுக்கொடுத்த ரன் கணக்கு 135 வர வேண்டும். 1970களின் புத்தகத்தில் 131தான் வரும். ஸ்கோரர் தப்பு செய்யவில்லை. அன்று வைடும் நோ பாலும் பந்து வீசியவர் கணக்கில் ஏறாது. இது தெரியாமல் 'திருத்தி' எழுதினால் நல்ல ஏடு கெட்டது.

பெயரில்தான் உண்மையான தலைவலி. 'மணி', 'எம். மணி', 'சின்ன மணி' மூவரும் ஒருவராகவும் இருக்கலாம், மூவராகவும் இருக்கலாம். பழைய ஆட்டக்காரர் இருவரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். சேர்த்து உட்காரவைத்தால் குரல் பெரியவர் சொல்வதே வரலாறாகிவிடும். குழுப்படத்தின் பின்புறம் பால்பாயிண்டால் எழுதினால் முகத்தில் தடம் விழும். நகலெடுத்து அதில் எண்ணிடுங்கள். தொடக்க ஆட்டக்காரர் ஒருவர் பாதி சீசனில் காணாமல் போனால் ஃபார்ம் போய்விட்டதென்று எழுதிவிடாதீர்கள். வளைகுடாவுக்கு விசா வந்திருக்கும்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பந்து எது, தளம் எது என்று குறியுங்கள். கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) அறுத்த வயலில் டென்னிஸ் பந்தில் எடுத்த 40-ஐயும், கயிற்றுப்பாய் விரித்த பிட்ச்சில் தோல் பந்தில் எடுத்த 40-ஐயும் ஒரே பட்டியலில் கூட்டுவது அநியாயம். வயலில் பந்து தாழ்ந்தும் கோணியும் வரும். பாயில் ஒரே சீராக எழும்பும், சுழலும். தென்னையில் பட்டால் 4, வாய்க்காலில் விழுந்தால் 2 என்ற மாதிரி உள்ளூர் விதிகள் இருந்தால் அவற்றையும் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

எல்லாம் முடிந்ததும் இரும்பு அலமாரியில், சுவரோடு ஒட்டாமல், தரையிலிருந்து ஓரடி மேலே வையுங்கள். இராமபாணப் பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து போடலாம். கட்டுவதற்கு ரப்பர் பேண்ட் வேண்டாம், இளகி அட்டையோடு ஒட்டிவிடும். பருத்தி நாடா போதும்.

இப்படிக்கு,
ஸ்கோர் எழுதுகிறவர்கள்