இலை பச்சை ஒளியைப் புறக்கணிப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பகுதியில் தாவர நிறமிகளையும் ஒளிச்சேர்க்கையையும் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். கடினமான ஒரு பொருளைப் பொது வாசகர்களுக்கு எடுத்துச் சென்றதற்காகக் கட்டுரையாளருக்கு என் நன்றி. ஆயினும், இலை பச்சை ஒளியை முழுவதுமாக எதிரொளித்துவிடுகிறது என்றும், ஆகவே அந்த ஒளி ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுவதில்லை என்றும் அதில் கூறப்பட்டிருப்பது சரியன்று. இது அந்தக் கட்டுரையில் மட்டும் காணப்படும் பிழையும் அன்று. தேர்வு விடைத்தாள்களில் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. தாவரவியல் கற்பிப்பவன் என்ற முறையில், இதைத் திருத்த வேண்டிய காரணத்தைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

கட்டுரையுடன் அச்சாகியிருந்த வரைபடத்திலிருந்துதான் இந்தக் கருத்து பிறக்கிறது. இலையை அரைத்து, ஈதர் போன்ற கரைப்பானில் பச்சையத்தை (குளோரோபில்) பிரித்தெடுத்து, மிக நீர்த்த கரைசலாக்கி, அதன் வழியே ஒவ்வோர் அலைநீளத்திலும் ஒளியைச் செலுத்தி அளந்தால் கிடைப்பது, எந்த ஒளி எவ்வளவு உட்கவரப்படுகிறது என்பதைக் காட்டும் அந்த உட்கவர் நிறமாலை. அதில் 'ஏ' வகைப் பச்சையத்துக்கு ஏறத்தாழ 430, 662 நானோமீட்டர் அலைநீளங்களிலும், 'பி' வகைக்கு ஏறத்தாழ 453, 642 நானோமீட்டரிலும் உச்சங்கள் தெரிகின்றன; ஒவ்வொன்றிலும் முதலாவது நீலப் பகுதி, இரண்டாவது சிவப்புப் பகுதி. இடையில் பச்சை ஒளி அடங்கிய, 500 முதல் 600 நானோமீட்டர் வரை உள்ள பகுதி பள்ளமாகத் தோன்றுகிறது. ஆனால், அந்தப் பள்ளத்திலும் உட்கவர்தல் சுழியம் ஆகிவிடுவதில்லை என்பதை உற்று நோக்குவோர் காணலாம்.

உச்சங்கள் ஏன் இரண்டு இடங்களில் வருகின்றன என்பதைக் கட்டுரை தொடவில்லை; இந்தப் பொருளில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுவே. பச்சைய மூலக்கூறின் நடுவே ஒரு மெக்னீசியம் அணுவும், அதைப் பிடித்திருக்கும் நான்கு நைட்ரஜன் அணுக்கள் கொண்ட ஒரு பெரிய வளையமும் இருக்கின்றன. வளையத்தில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி அமைந்திருப்பதால், அதிலுள்ள சில எலக்ட்ரான்கள் தனியொரு அணுவுக்குரியனவாக இல்லாமல் வளையம் முழுவதும் பரவியுள்ளன. அவற்றை உயர்நிலைக்கு ஏற்றக் கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் ஆற்றலே போதும். சிவப்பு ஒளித்துகள் ஒன்றை உட்கவரும் மூலக்கூறு முதல் கிளர்வு நிலையை அடைகிறது; நீல ஒளித்துகளை உட்கவர்ந்தால் அதனினும் உயர்ந்த நிலையை அடைகிறது. எனினும், அந்த உயர்ந்த நிலையில் அது நிற்பதில்லை. நொடியின் இலட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில், மிகுதி ஆற்றலை வெப்பமாக இழந்து முதல் கிளர்வு நிலைக்கே இறங்கிவிடுகிறது. எனவே, நீல ஒளித்துகள் கூடுதல் ஆற்றலுடன் வந்தாலும், ஒளிச்சேர்க்கைக்கு அதனால் கிடைப்பது ஒரு சிவப்பு ஒளித்துகள் தருவதைவிட அதிகமன்று.

இவ்வாறு பெறப்பட்ட ஆற்றலை ஒவ்வொரு மூலக்கூறும் தனித்துப் பயன்படுத்துவதும் இல்லை. எமர்சனும் ஆர்னால்டும் 1932-இல் குளோரெல்லா என்ற பாசியின் மீது மிகக் குறுகிய ஒளித்தெறிப்புகளைச் செலுத்தி ஆராய்ந்தபோது, ஒரு தெறிப்புக்கு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வெளிவர ஏறத்தாழ 2,500 பச்சைய மூலக்கூறுகள் இருப்பதைக் கண்டனர். பெரும்பாலான மூலக்கூறுகள் ஒளியைத் திரட்டி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்துகின்றன. மிகச் சிலவே, ஒளியின் ஆற்றல் வேதிவினையாக மாறத் தொடங்கும் இடமான வினை மையத்தில் அமர்ந்து எலக்ட்ரானை விட்டுக் கொடுக்கின்றன. வடித்தெடுத்த பச்சையக் கரைசல் நீல ஒளியில் சிவப்பாக ஒளிர்வதற்கும் இதுவே விளக்கம்: வினை மையத்துக்கு ஆற்றலைக் கொண்டுசெல்லும் அமைப்பு அங்கே சிதைந்துவிட்டது.

இனி இலைக்கு வருகிறேன். இலை கரைசல் அன்று. செல்களும் அவற்றுக்கு இடையே காற்றறைகளும் நிறைந்த ஓர் அமைப்பு. உள்ளே நுழையும் ஒளி செல்லுக்கும் காற்றுக்கும் இடையிலான எல்லைகளில், குறிப்பாக இலையின் கீழ்ப்பகுதியில் காற்றறைகள் மிகுந்த பஞ்சுத் திசுவில், பலமுறை சிதறுகிறது. அதனால் அது கடக்கும் பாதை இலையின் தடிமனைப் போலப் பல மடங்கு நீள்கிறது. சிவப்பும் நீலமும் மேல்பகுதியிலேயே பெரிதும் உட்கவரப்பட்டுவிடுவதால், இந்த நீண்ட பாதையால் அவை பெறும் பயன் குறைவு. பச்சையத்தைத் தாங்கிய நுண்ணுறுப்பான பசுங்கணிகம் ஒவ்வொன்றிலும் சிறிதளவே உட்கவரப்படும் பச்சை ஒளியோ, மீண்டும் மீண்டும் பசுங்கணிகங்களைக் கடந்து செல்லும்போது படிப்படியாகப் பெருமளவுக்கு உட்கவரப்பட்டுவிடுகிறது. மெல்லிய இலைகளில் பச்சை ஒளியின் பாதியளவும், தடித்த பசுமைமாறா இலைகளில் 90 விழுக்காடு வரையிலும் உட்கவரப்படுகின்றன.

அவ்வாறு உட்கவரப்பட்ட ஒளி வேலை செய்கிறதா என்ற ஐயத்துக்கும் விடை உண்டு. மெக்ரீ 1972-இல் வெளியிட்ட ஆய்வில், 22 வகைப் பயிர்களின் இலைகளில் ஒளிச்சேர்க்கையை ஒவ்வோர் அலைநீளத்திலும் அளந்தார். உட்கவரப்பட்ட ஒளித்துகள் ஒவ்வொன்றுக்கும் கணக்கிடும்போது, பச்சை ஒளி நீல ஒளிக்குக் குறைந்ததாக இல்லை. தெராஷிமாவும் அவருடைய குழுவினரும் 2009-இல் சூரியகாந்தி இலைகளைக் கொண்டு இன்னும் ஒரு படி மேலே சென்று காட்டினர்: வலுவான வெள்ளொளியில் மேற்புறப் பசுங்கணிகங்கள் தம்மால் பயன்படுத்த முடிந்த அளவு ஒளியை ஏற்கெனவே பெற்றுவிடுவதால், கூடுதலாகச் சேர்க்கப்படும் சிவப்பு ஒளியைவிட, ஆழத்துக்கு ஊடுருவும் பச்சை ஒளியே ஒளிச்சேர்க்கையை அதிகமாக உயர்த்துகிறது. நண்பகல் வெயிலில் நிற்கும் செடிக்கு இது சிறிய விவரம் அன்று.

அப்படியானால் இலை ஏன் பச்சையாகத் தெரிகிறது என்று மாணவர்கள் உடனே கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். இலையிலிருந்து திரும்பி வரும் ஒளி மொத்தத்தில் குறைவுதான். அந்தக் குறைந்த ஒளியில் பச்சையின் பங்கு மற்றவற்றைவிட அதிகம். மேலும், பகலொளியில் நம் கண்ணின் உணர்திறன் உச்சமடைவது 555 நானோமீட்டரில், அதாவது பச்சைப் பகுதியிலேயே. நிறத்தைக் கொண்டு உட்கவர்தலின் அளவை முடிவு செய்வது அதனால் பிழையாகிறது.

கட்டுரையில் குறிப்பிடப்பட்ட எங்கெல்மன் சோதனை (1882) இதற்கு முரணானதன்று. நிறங்களாகப் பிரிந்த ஒளியைப் பாசியின் மீது விழச் செய்தபோது, ஆக்சிஜனை நாடும் பாக்டீரியாக்கள் சிவப்பிலும் நீலத்திலும் திரண்டதை அவர் கண்டது உண்மை. அவர் பயன்படுத்தியது மெல்லிய பாசி இழை என்பதையும், இலையில் போல் ஒளிக்கு நீண்ட பாதை அதில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் குழப்பம் நேர்ந்திராது.

கரோட்டினாய்டுகளை வெறும் துணை நிறமிகள் என்று ஒரே வரியில் முடித்திருப்பதும் குறையே. அவை நீலப் பகுதியில் ஒளியை உட்கவர்ந்து பச்சையத்துக்குக் கொடுப்பதோடு, ஒளி மிகும்போது பச்சையம் தாங்கமாட்டாத ஆற்றலை வெப்பமாக வெளியேற்றவும் துணைநின்று இலையைக் காக்கின்றன. அவை இல்லாவிட்டால் வலுவான வெளிச்சத்தில் பச்சையமே சிதைந்துவிடும்.

தாங்கள் இந்தப் பொருளை மீண்டும் வெளியிடும்போது, பச்சையக் கரைசலின் வரைபடத்துக்குப் பக்கத்திலேயே முழு இலையின் உட்கவர் நிறமாலையையும் அச்சிட வேண்டுகிறேன். எது கரைசலில் அளந்தது, எது உயிருள்ள இலையில் அளந்தது என்ற குறிப்பு ஒவ்வொன்றின் கீழும் இருக்கட்டும். விளக்கொளியில் செடி வளர்க்கச் சிவப்பும் நீலமுமே போதும் என்று அதே கட்டுரையில் சொல்லப்பட்டிருப்பதையும் அப்போது கட்டுரையாளர் மறுபரிசீலனை செய்வார் என்று நம்புகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
தாவரவியல் ஆசிரியர் ஒருவர்