முண்டு மிளகாயின் மரபணுவையும் படியுங்கள்

ஐயா,

ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காப்பு வந்துவிட்டது. விதைக்கு இன்னும் வரவில்லை. எங்கள் கிணற்றில் உப்பு ஏறிக்கொண்டே இருக்கிறது.

மிளகாயின் மரபணுத்தொகுதி, அதாவது அதன் மரபணுக்களின் முழு விவரம், 2014-இல் வெளியானது. உப்பைத் தாங்கும் தன்மையைக் காட்டும் மரபணு அடையாளம் தெரிந்தால், காய்ப்புவரை காத்திராமல் நாற்றின் ஓர் இலையைச் சோதித்தே நல்ல செடியைப் பொறுக்கலாம். அயல் மரபணு எதையும் புகுத்த வேண்டியதில்லை. எங்கள் வீட்டு விதையும் பக்கத்து ஊர் விதையும் ஒன்றல்ல, காரமே வேறு. அந்த வேறுபாடுதான் ஆய்வுக்கு மூலதனம். வீரிய ரகங்கள் அதை விழுங்குமுன் வேளாண் பல்கலைக்கழகம் ஊர் ஊராக விதை சேகரிக்க வேண்டும். ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்து மல்லிகை நாற்றுகளையும் சேர்த்துக்கொள்ளட்டும்: குச்சி வைத்தே பெருக்குவதால் எல்லாம் ஒரே வார்ப்பு, ஒரே நோய்க்கு மொத்தமும் பட்டுப்போகும்.

மிளகாய் விவசாயி,
தொண்டி