தங்கக் கோல்களுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

கண்ணுக்குத் தெரியாத நனோ அளவுத் தங்கக் கோல்களைச் செய்வது பற்றிய என் ஆய்வேடு கொடுத்தாயிற்று. அதில் நன்றி சொல்லக் கிடைத்த ஒரு பக்கம் எனக்குப் போதவில்லை, அதனால் மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கஸ்தூரியார் வீதிப் பத்தர் ஐயாவுக்கு. தங்க உப்பு வெளியிலிருந்து வந்துசேரும் வழியே தெரியாமல் நின்ற நேரம், செம்பு கலக்காத தங்கத்தில் சின்னத் துண்டொன்றை வெட்டித் தந்தீர்கள், கூலியும் வாங்கவில்லை. அதை நைத்திரிக்கமிலமும் ஐதரோகுளோரிக்கமிலமும் கலந்த இராஜதிராவகத்தில் கரைத்துத்தான், எங்களுக்கு வேண்டிய தங்கச் சேர்வையான குளோரோஓரிக்கமிலம் செய்தோம். என் குப்பிகளில் இருக்கும் ஒவ்வொரு கோலும் அந்தத் துண்டிலிருந்து வந்ததுதான் ஐயா.

ஆய்வுகூட அண்ணைக்கு என்ன சொல்ல? குடுவையில் துளி அழுக்கு ஒட்டியிருந்தாலும் கோல் வளராமல் உருண்டையாகிப் போகலாம், எங்கள் கிணற்றுத் தண்ணியோ சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது, அதனால் கரண்ட் இருக்கிற நேரம் பார்த்து வடித்து, ஒவ்வொரு பாத்திரத்தையும் அமிலத்தால் கழுவி அடுக்கி வைப்பார். அந்த வேலையை எந்த ஆய்வுக் கட்டுரையும் ஒரு வரிக்கு மேல் எழுதுவதில்லை. எழுத வேண்டும் என்பது என் கருத்து.

கூல்பார் தம்பிக்கும் நன்றி. கரைந்திருக்கும் தங்கத்தைத் திரும்ப உலோகமாக்கும் சோடியம் போரோஐதரைட்டுக் கரைசல் ஐஸ் குளிரில் இருந்தால்தான், பிறகு கோல்களாக வளரும் சின்னஞ்சிறு தங்க விதைகள் ஒழுங்காக உருவாகும், கரண்ட் நின்ற நாட்களில் ஐஸ் தந்தது அவர்தான். விதைகளை வளர்க்கும் கரைசலுக்கு மாத்திரம் எங்கள் வெக்கை நல்லது. அதிலிருக்கும் சீ-டாப் (CTAB) என்ற சவர்க்காரம் போன்ற பொருள் குளிர்ந்தால் படிகமாகிவிடும்.

அப்புறம் எங்கள் சேர். கோலுக்குள் இருக்கும் இலத்திரன்கள் ஒளியோடு சேர்ந்து குறுக்காக ஒரு விதமாகவும் நெடுக்காக வேறு விதமாகவும் ஆடுகின்றன என்பதை, 1912இல் ரிச்சர்ட் கான்ஸ் எழுதிய சமன்பாட்டிலிருந்து படிப்படியாகக் கரும்பலகையில் கொண்டுவந்து காட்டினார். கோல்கள் எந்த அலைநீள ஒளியை எவ்வளவு பிடிக்கின்றன என்று காட்டும் நிறமாலையில், 520 நனோமீற்றருக்குக் கிட்ட குறுக்காட்டத்தின் உச்சியும் 800க்குக் கிட்ட நெடுக்காட்டத்தின் உச்சியும் வந்தபோது, நீளம் அகலத்தைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு இருக்கும் என்று படம் எடுக்க முன்னரே சொல்லிவிட்டார். வெளிநாட்டிலிருந்து இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படங்களை எடுத்து அனுப்பிய அக்கா, உங்கள் படங்களில் அளந்து பார்த்தேன், அவர் சொன்னது சரி!

குட்டைக் கோல்கள் நீலமாகவும் நீளமானவை செம்பழுப்பாகவும் இன்னும் குப்பிகளில் இருக்கின்றன. ஏ.எல். பௌதிகவியல் படிக்கிற பிள்ளைகள் யாராவது பார்க்க விரும்பினால் சொல்லுங்கோ, காட்டுகிறேன்.