பழைய பிளக்கைப் பார்க்காமல் தூக்கிப் போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மழை தொடங்கிவிட்டால் 'வண்டி ஸ்டார்ட் ஆகலை' என்று பட்டறைக்கு வருகிறவர்களுக்குக் கிடைக்கும் முதல் வைத்தியம் புது ஸ்பார்க் பிளக், அதாவது இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியைத் தரும் பாகம். வண்டியும் கிளம்பிவிடும். பதினைந்து நாளில் மறுபடி அதே இடத்தில் வந்து நிற்கும். நோயைச் சொல்லக்கூடிய பழைய பிளக் அதற்குள் குப்பைக்குப் போயிருக்கும்.

பார்க்க வேண்டியது, பொறி கிளம்பும் நடுக் கம்பியை (எலக்ட்ரோடை)ச் சுற்றியுள்ள பீங்கான் நுனியை. பிஸ்கட் நிறமோ வெளிர் சாம்பலோ என்றால் எரிப்பு சரி. கோளாறை வேறு இடத்தில் தேடலாம். சட்டி அடியில் இருப்பதுபோல் உலர்ந்த கரி விரலில் ஒட்டினால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் சோக், பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பியிருக்காது. கருப்போடு வழவழப்பும் இருந்தால் ஆயில் ஏறுகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் நீலப் புகை வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வ் ஆயில் சீல் போயிருக்கும். ஆக்சிலேட்டர் முறுக்கும்போதெல்லாம் புகை என்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும்.

பலர் ஏமாறுவது வெள்ளையில்தான். சுண்ணாம்பாய் வெளுத்து, பொடிக் கொப்புளம் தெரிந்தால் அது சுத்தமல்ல, அதிகச் சூடு. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் ரப்பரில் வெடிப்பு விட்டுக் காற்று புகுந்திருக்கலாம். வண்டிக்குப் பொருந்தாத பிளக்காகவும் இருக்கலாம். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். என்ஜிகே கம்பெனி பிளக்கில் சூட்டு எண் கூடினால் குளிர்ந்த பிளக், அதாவது சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றுவது. பாஷ் கம்பெனியில் எண் கூடினால் சூட்டைத் தேக்கும் சூடான பிளக். கம்பெனி மாற்றி வாங்கும்போது 'நம்பர் கிட்டத்தட்ட ஒண்ணுதான்' என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம்.

ஓடாமல் இன்ஜின் மட்டும் மெதுவாகச் சுற்றி (ஐடிலில்) நின்ற வண்டியின் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பது வீண். எதுவும் கருப்பாகத்தான் தெரியும். பத்து கிலோமீட்டர் ஓட்டி, ஓட்டத்திலேயே கிளட்ச் பிடித்து இன்ஜினை அணைத்து ஓரம் கட்டி, ஆறியபின் கழற்ற வேண்டும். பீங்கான் நுனி சுமார் 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் படிந்த கரி தானே எரியும். கடைத்தெருவுக்கு மட்டும் போய்வரும் ஸ்கூட்டரில் அந்தச் சூடு ஏறாமல் கரி படிந்தால் அதற்காக இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்6 (புகை மாசு விதி) வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டரே இல்லை; பெட்ரோலை இன்ஜெக்டர் பீய்ச்சுகிறது. கரி வந்தால் ஏர் ஃபில்டருக்கு அடுத்து ஆக்சிஜன் சென்சாரையும் இன்ஜெக்டரையும் பாருங்கள்.

பீங்கானின் வெளிப்புறம், இரும்பை ஒட்டி வரும் பழுப்பு வளையத்தைக் காட்டி 'கேஸ் லீக்' என்பார்கள். அது உயர் மின்னழுத்தம் ஈர்த்த ஆயில் தூசி; கெடுதல் இல்லை.

மாட்டும்போது முதலில் கையாலேயே முழுதாகத் திருகி, புது பிளக் என்றால் ஸ்பானரில் அரைச்சுற்று. வாஷர் ஏற்கெனவே நசுங்கிய பழையது என்றால் ஒரு சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கே போதும். ஸ்பானர்மேல் குழாய் செருகி இறுக்கினால் அலுமினிய ஹெட்டின் மரை போகும். பிளக் வாங்கும் காசில் அது சரியாகாது.

— இருசக்கர வாகன மெக்கானிக், திருச்சி