பிள்ளை வந்து சொன்னால், முதலில் திட்டாதீர்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். விலங்குகளிடமிருந்து மனிதர்களுக்குத் தொற்றும் நோய்களைப் பற்றிய விழிப்புணர்வு நாள் ஜூலை 6. 1885-இல் அதே தேதியில்தான், வெறிநாய் கடித்த 9 வயது ஜோசப் மெய்ஸ்டருக்கு லூயி பாஸ்டர் உருவாக்கிய தடுப்பூசியைப் போடத் தொடங்கினார்கள். பையன் பிழைத்துக்கொண்டான். தடுப்பூசியைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். கடிபட்ட இரண்டே நாளில் மகனை பாரிஸுக்குக் கூட்டிவந்த அம்மாவைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

உலக அளவில் வெறிநாய்க்கடி நோயான ரேபிஸால் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இறப்பதாக ஒரு மதிப்பீடு உண்டு. அவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். நாய்க்குட்டியைக் கண்டால் தூக்காமல் இருக்க முடியாத வயது அது. பல் பட்டால், நகம் கீறினால், வீட்டில் வாய் திறக்க மாட்டார்கள். "அங்கே ஏன் போனாய்?" என்று அடி விழுமோ என்ற பயம் ஒன்று. குட்டியை விரட்டிவிடுவார்களோ என்ற கவலை இன்னொன்று. எனக்கென்னவோ இரண்டாவதுதான் பெரிய காரணம் என்று தோன்றுகிறது.

அதனால், பிள்ளை வந்து சொன்னால் விசாரணையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்தே கழுவுங்கள். 15 நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீளமானது. கண்ட பொடியையும் பசையையும் அப்ப வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். சின்னக் கீறல்தானே, வீட்டு நாய்தானே, குட்டிதானே என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். நோய் தலைகாட்டப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதமாகும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம். அதற்குள் காயம் ஆறி, எல்லோரும் மறந்திருப்பார்கள். அறிகுறி வந்துவிட்டாலோ காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு நடந்தால், காலில் உள்ள சிறு வெடிப்பு வழியாகவே எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போய்விடும். பூனையிடமிருந்து படர்தாமரை ஒட்டிக்கொள்ளலாம். செத்த பறவையையும் வௌவாலையும் தொடக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். பாலைக் காய்ச்சியே கொடுங்கள்.

இதற்காகப் பிராணிகள் என்றாலே பிள்ளைகள் அலறும்படி செய்துவிடாதீர்கள். பயந்து ஓடும் பிள்ளையைத்தான் நாய் துரத்தும். வீட்டில் வளர்க்கும் நாய், பூனைக்குத் தடுப்பூசி போட்டு, அடுத்த தவணை எப்போது என்று குறித்து வைத்தால் போதும்.

பள்ளி வளாகத்தில் ஏதாவது கடித்தால், கீறினால், வகுப்பாசிரியரிடம் உடனே சொல்லும்படி பிள்ளைகளிடம் கூறியிருக்கிறோம். சொன்னதற்காக யாருக்கும் தண்டனை இல்லை. காயத்தைக் கழுவிக்கொண்டே உங்களுக்குத் தகவல் தருவோம்.

கடிபட்ட பிள்ளைக்கு மருத்துவமனையில் போடும் ரேபிஸ் தடுப்பூசியை ஒன்றிரண்டோடு நிறுத்தாமல் எல்லாத் தவணைகளையும் முடியுங்கள். தவணை நாளில் தேர்வு இருந்தாலும் கூட்டிப் போங்கள். தேர்வை வேறொரு நாள் எழுதிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்