ஒரு சொட்டு ரத்தமும் 225 விளக்குகளும்

பாயான் லெப்பாஸ், பினாங்கு

அன்புள்ள சோடாபுட்டிக்கு,

கண்புரை எடுத்த பிறகு கண்ணாடியே போடுவதில்லை என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். ஆனால் பெயர் மாறாது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் வைத்த பெயர் பிறப்புப் பத்திரத்தைவிடக் கெட்டி.

வேலையை விட்ட பிறகு என்ன செய்கிறேன் என்று கேட்டாயே, பின்கட்டில் மைக்ராஸ்கோப் செய்துகொண்டிருக்கிறேன். சாமான் அறையைப் பிடுங்கிக்கொண்டதற்கு வீட்டில் இன்னும் மன்னிப்புக் கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரி லேபில் நீ பட்ட பாடுதான் இதற்குக் காரணம். மலேரியா ஸ்லைடுக்கு 100எக்ஸ், அதாவது நூறு மடங்கு பெருக்கும் லென்ஸ், ஒரு சொட்டு எண்ணெய். கிருமி தெரியும், ஆனால் ஒரு பார்வைக்குக் கிடைப்பது 0.2 மில்லிமீட்டர். நகர்த்தி நகர்த்தி நூறு பார்வை பார்ப்பாய். 4எக்ஸ் போட்டால் 5 மில்லிமீட்டர், பரப்பில் 625 மடங்கு. ஆனால் கொடிமலை மேல் நின்று பார்க்கிற கதைதான். பாலம் தெரியும், பட்டர்வொர்த் தெரியும், கொம்தார் கோபுரக் கட்டட வாசலில் நிற்கிறவன் யார் என்று தெரியாது.

உருப்பெருக்கத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. எவ்வளவு சாய்ந்து வரும் ஒளிவரை லென்ஸ் வாங்கிக்கொள்கிறது என்பதுதான் கணக்கு. 1873லேயே எர்ன்ஸ்ட் அபே சொன்னது. அந்த அளவைத்தான் என்.ஏ. என்கிறோம். என்னுடைய 4எக்ஸ் லென்ஸுக்கு அது 0.1. பச்சை ஒளியில் 3 மைக்ரானுக்கும் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நெருக்கமான இரண்டு புள்ளி ஒன்றாகிவிடும்.

என்.ஏ.வைக் கூட்டிவிட வேண்டியதுதானே என்பாய். நடுவைக் கூர்மையாக்குவது பெரிய வித்தை இல்லை, ஓரம்தான் உயிரை வாங்கும். படம் விழுகிற தளம் கிண்ணம்போல் வளையும். நடுவுக்கு போக்கஸ் வைத்தால் ஓரம் மங்கும். அதை நிமிர்த்தக் கண்ணாடிமேல் கண்ணாடி அடுக்க வேண்டும். போக்கஸ் ஆழமும், அதாவது ஒரே நேரத்தில் கூர்மையாகத் தெரிகிற தடிமனும், சுருங்கும்: 0.1க்கு 50 மைக்ரான் இருந்தது, 0.75க்கு ஒரு மைக்ரான் ஆகிவிடும். ஸ்காட்லாந்தில் ஸ்டிராத்கிளைட் பல்கலைக்கழகத்துக்காரர்கள் விடாமல் செய்தார்கள். மீசோலென்ஸ் என்று பெயர். அதே 4எக்ஸ்தான், ஆனால் என்.ஏ. 0.47, பார்வை 6 மில்லிமீட்டர். லென்ஸ் மட்டும் ஏறக்குறைய அரை மீட்டர் நீளம். என் இபிஎப் பணத்துக்கு அதன் மூடிகூட வராது.

நான் பிடித்தது ஏழைகளின் வழி. 2013ல் அமெரிக்காவில் கால்டெக் பல்கலைக்கழகத்தில் குவோன் ஜெங், சாங்ஹுவேய் யாங் குழுவினர் காட்டியது. லென்ஸை மாற்றாதே, வெளிச்சத்தைச் சாய்! ஸ்லைடுக்குக் கீழே எல்இடி பலகை, ஒரு நேரத்தில் ஒரு விளக்கு. வெளிச்சம் சாய்ந்து வந்தால், லென்ஸுக்கு வெளியே தப்பிப் போகிற நுண்விவரம் உள்ளே வந்து விழும். ஒவ்வொரு படமும் தனித்தனியாக மங்கல்தான். எல்லாவற்றையும் வைத்துக் கணினி கணக்குப் போட்டு ஒரே கூர்மையான படமாக்கும். அவர்கள் 0.08 லென்ஸை 0.5 வரை கொண்டுபோனார்கள். என் பலகையில் 15க்கு 15, ஆக 225 விளக்கு. கணக்குப்படி எனக்கு 0.4, அதாவது 0.8 மைக்ரான் தள்ளியிருக்கிற இரண்டு புள்ளிகூடத் தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

கணக்குப்படி! முதல் மூன்று வாரம் வந்ததெல்லாம் குளத்தில் கல் போட்ட மாதிரி அலை அலையாக. புரோகிராமைத் திட்டிக்கொண்டே திருத்தினேன். ஒருநாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு எல்இடிகளைக் கையால் ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தேன். நடுவிலிருந்து இடப்பக்கம் இரண்டாவது விளக்குக்குப் படம் வெளிச்சமாக இருக்கிறது. வலப்பக்கம் இரண்டாவதுக்கு இருட்டு. இரண்டும் ஒன்றுபோல் இருக்க வேண்டியவை. பலகை 2 மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தது. விளக்குக்கு விளக்கு இடைவெளியே 4 மில்லிமீட்டர்தான், யோசித்துப் பார். ஒரு ஸ்க்ரூவைத் தளர்த்தினேன், சரியாகிவிட்டது. பொறியியல்!

அப்புறம், காலையில் சர்க்கரை பார்க்க விரலைக் குத்திய சொட்டை வீணாக்காமல் ஸ்லைடில் மெல்லிசாக இழுத்தேன். சாயம்கூடப் போடவில்லை. இரவெல்லாம் கணினி ஓடியது. விடிந்து பார்த்தால் 5 மில்லிமீட்டர் முழுக்கச் சிவப்பணுக்கள். எதை வேண்டுமானாலும் பெரிதாக்கலாம், ஒவ்வொன்றின் நடுவிலும் அந்தக் குழி தெரிகிறது. ஒளி எவ்வளவு தாமதமாகி வந்தது என்பதையும் இந்த முறை கணக்கிட்டுவிடுவதால் சாயம் இல்லாமலே தெரிகிறது. மெல்லிய பொருளுக்குத்தான் இது சரிவரும். கித்தா (ரப்பர்) இலையை வைத்துப் பார்த்தேன், வெறும் குப்பை.

ஆனாலும் எனக்கு ஒரு உறுத்தல். இது கண் பார்த்த படம் இல்லை, கணக்கு போட்ட படம். பலகை கோணலாக இருந்தபோது இல்லாத கோடுகளையும் அழகாகத்தானே வரைந்து கொடுத்தது? கூர்மையாக இருப்பதெல்லாம் உண்மையா? குரங்கிலிருந்து மனிதருக்குத் தொற்றுகிற மலேரியாவை லேப்காரர்கள் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு வேறு வகை என்று எழுதிக்கொண்டிருந்தது, பிறகு சரவாக் கப்பிட்டில் மரபணுச் சோதனையில் வெளிவந்தது, 2004ல் அது பத்திரிகையில் வந்தபோது நீ பதறிப்போய் போன் செய்தது எல்லாம் நினைவிருக்கிறது.

அதனால் தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடு. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு அப்புறம் போகலாம். உன் பழைய ஸ்லைடு பெட்டியைக் கொண்டுவா. ஒரே அணுவை என் கணக்குப் படத்திலும் 100எக்ஸிலும் பக்கத்தில் வைத்து நீ பார்த்துச் சொல்ல வேண்டும். 100எக்ஸ் லென்ஸ் இருக்கிறது. இந்த ஊர்ப் புழுக்கத்துக்குப் பூஞ்சை பிடிக்காமல் பிஸ்கட் டின்னில் சிலிக்கா ஜெல்லோடு படுத்திருக்கிறது. எண்ணெய்தான் தீர்ந்துவிட்டது. கோலாலம்பூரில் ஒரு சின்னப் புட்டி வாங்கி வா, காசை இங்கே தருகிறேன்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்