எறும்பு நிற்கும் இடம்

அன்புள்ள முரளி,

கடிதமும் படங்களும் கிடைத்தன. பாதிப் படங்களில் ஃபோகஸ் தப்பியிருக்கிறது, மீதியில் எறும்பின் முதுகில் வெள்ளைத் திட்டு. புது லென்ஸ் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். ஓடுகிற எறும்பைத் துரத்தி எடுத்திருக்கிறாய், கோளாறு அங்கேதான்.

கணக்கைப் பார். ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 1:1 அளவில், அதாவது எறும்பு அதன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழும்போது, லென்ஸ் துளையை எஃப் 11 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 1.3 மில்லிமீட்டர். இரு மடங்கான 2:1க்குப் போனால் அரை மில்லிமீட்டர்தான். எறும்போ நொடிக்குச் சில சென்டிமீட்டர் ஓடும். துளையை இன்னும் சுருக்கி எஃப் 22 வைத்துத் தப்பிக்கவும் முடியாது. 1:1இல் அது எஃப் 44 போல வேலை செய்யும், சிறு துளையில் ஒளி விரிந்து பரவும் டிஃப்ராக்‌ஷனில் கண்ணும் மயிர்களும் மழுங்கிவிடும். எஃப் 8க்கும் 11க்கும் நடுவில் இருந்துகொண்டு, எறும்பின் உடல் சென்சாருக்கு இணையாக வரும்படி பக்கவாட்டில் நில். அந்த ஒரு மில்லிமீட்டருக்குள் தலை முதல் வயிறு வரை அடங்கும்.

எறும்பை நிற்க வைப்பது அதன் வேலைதான். செடியின் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிகளை மேய்க்கும் எறும்புகள் ஒரே இடத்தில் சுற்றும். உணர்கொம்பால் தட்டியதும் அசுவினியின் பின்பக்கம் ஒரு துளி வரும், அதைக் குடித்து முடிக்கும்வரை தலை அசையாது. ஒன்றுக்கொன்று வாயோடு வாய் வைத்து உணவு கொடுக்கும்போதும் அப்படியே. உணர்கொம்பை முன்னங்கால் சீப்பில் இழுத்துச் சுத்தம் செய்யும் நேரமும் நல்ல வாய்ப்பு.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது, இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு வேலை செய்யும் இடம். ஒரு வரிசை பின்னங்கால்களால் ஓர் இலையைப் பற்றிக்கொண்டு, எதிர் இலையின் விளிம்பைத் தாடையால் கவ்வி அப்படியே நிற்கும். இன்னொன்று தன் கூட்டின் எறும்புப் புழுவை வாயில் தூக்கிவந்து, அதன் தலையை இந்த விளிம்பிலும் அந்த விளிம்பிலும் மாறிமாறி ஒற்றும். பட்டு நூல் புழுவின் வாயிலிருந்து வருகிறது. புழுவைத் தூக்கி வரும் எறும்பைப் பின்தொடராதே. தையல் விழும் விளிம்பில் முன்கூட்டியே மேனுவல் ஃபோகஸ் வைத்துக் காத்திரு, அதே விளிம்புக்குத் திரும்பத் திரும்ப வரும். ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல் உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பிடி. முழங்கையைக் கிளையில் ஊன்றாதே, அதிர்ந்தால் காவலுக்கு மொத்தமும் பாய்ந்து வரும். மூச்சையும் பக்கவாட்டில் விடு. நம் மூச்சுக்காற்று பட்டாலே கலவரமாகிவிடும்.

இனி அந்த வெள்ளைத் திட்டு. எறும்பின் வயிறு பளபளப்பான வளைபரப்பு, ஃபிளாஷின் உருவமே அதில் தெரிகிறது. ஃபிளாஷைக் குறைத்தால் திட்டு மங்குமே தவிரப் போகாது. ஒளிமூலத்தைப் பெரிதாக்க வேண்டும். லென்ஸின் முனைக்கு மேல் வெளிச்சத்தைப் பரப்பும் வெள்ளை டிஃப்யூசர் ஒன்றை வளைத்துக் கட்டு. இரண்டு அடுக்கு, நடுவில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி, எறும்புக்கு எவ்வளவு அருகில் வர முடியுமோ அவ்வளவு அருகில். ஷட்டர் 1/200, ஐஎஸ்ஓ 200, ஃபிளாஷ் முழுச் சக்தியில் 1/16 அல்லது 1/32 பங்கு. அந்தச் சக்தியில் வெளிச்சம் நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே நீடிப்பதால் கால்கூட உறைந்து நிற்கும். ஹை ஸ்பீடு சிங்க் (ஃபிளாஷைப் பல துடிப்புகளாக அடிக்கும் முறை) போடாதே, அதில் இந்த உறைவு போய்விடும். பின்னணி கருப்பாக விழுந்தால் ஐந்து சென்டிமீட்டர் பின்னால் ஓர் இலை இருக்கும்படி கோணத்தை மாற்று.

ஃபிரிட்ஜில் வைத்து மந்தமாக்கி எடுக்கச் சொல்கிறார்கள் என்றாயே, அது கூடவே கூடாது. அந்த உயிரை வதைக்கிறோம் என்பது ஒன்று. குளிரில் கால்கள் ஒடுங்கி, உணர்கொம்பு மடிந்து கிடக்கும். வேலை செய்யும் எறும்பு அப்படி நிற்பதே இல்லை. காலைக் குளிரில் போனாலே போதும், தானாகவே மெதுவாக நடக்கும்.

அடுத்த முறை படங்களை வெட்டாமல் அப்படியே அனுப்பு. ஃபோகஸ் எங்கே விழுந்தது என்று அதில்தான் தெரியும்.

அன்புடன்,
செல்வம்